‘சீனி இல்லை’ என்றால் குளுக்கோஸும் இல்லையா?

மருந்தகங்களில் பெரியவர்களுக்கான சத்து மாவு டின்கள் வரிசையாக அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில டின்களில் ‘நீரிழிவு உள்ளவர்களுக்கு’ என்று எழுதியிருக்கும். வேறு சிலவற்றில் ‘சீனி சேர்க்கப்படவில்லை’ என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு நோய் உள்ளது. தாத்தாவுக்கோ பாட்டிக்கோ இந்த மாவை வாங்கி வரும் பொறுப்பு உங்களுக்கும் வரலாம். அப்போது எதைப் பார்த்து வாங்குவீர்கள்?

யாருக்குத் தேவை?

நீரிழிவு உள்ள எல்லாருக்கும் இந்தப் பானம் தேவையில்லை. நன்றாகச் சாப்பிட முடிந்தவர்களுக்கு அளவான வீட்டுச் சாப்பாடே போதும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சாப்பிட முடியாதவர்கள், முதுமையில் பசி குறைந்து உடல் மெலிந்தவர்கள், குழாய் வழியாக உணவு பெறுபவர்கள் ஆகியோருக்கே இது பெரிதும் பயன்படுகிறது. உடல் எடையைக் குறைக்க வேண்டிய சிலருக்கு, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாக இதைக் குடிக்கும்படி உணவியல் நிபுணர் சொல்வதும் உண்டு.

இனிக்காத குளுக்கோஸ்

சத்து மாவுகள் பலவற்றில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பொருள் இருக்கும். மாவுச்சத்தை நீராற்பகுத்து இதைத் தயாரிக்கிறார்கள். இது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த ஒரு குட்டைச் சங்கிலி. நாக்கில் வைத்தால் அவ்வளவாக இனிக்காது. சத்து அட்டவணையின் ‘சீனி’ வரிசையிலும் இதன் பெரும்பகுதி சேராது. ஏனென்றால், ஒற்றைச் சர்க்கரைகளையும் இரட்டைச் சர்க்கரைகளையும் மட்டுமே அந்த வரிசையில் கணக்கிடுகிறார்கள். ஆனால் சிறுகுடலில் நொதிகள் இந்தச் சங்கிலியை விரைவாக அறுத்துவிடும். குளுக்கோஸ் வேகமாக இரத்தத்தில் கலக்கும்.

இப்போது எதிர்மாறான ஒன்றைப் பார்ப்போம். நாம் தேநீரில் போடும் சீனி, அதாவது சுக்ரோஸ், ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் சேர்ந்தது. ஐசோமால்டுலோஸ் என்ற சர்க்கரையிலும் இதே இரண்டும்தான் உள்ளன. ஆனால் அவை இணையும் இடம் வேறு. சுக்ரோஸில் குளுக்கோஸின் 1ஆம் கார்பன் ஃபிரக்டோஸின் 2ஆம் கார்பனோடு இணைகிறது. ஐசோமால்டுலோஸில் அது 6ஆம் கார்பனோடு இணைகிறது. இந்தப் பிணைப்பை நம் நொதிகள் மெதுவாகத்தான் உடைக்கும். அதனால் இரத்தச் சர்க்கரையும் மெல்ல ஏறுகிறது. ஆனாலும் ஐசோமால்டுலோஸ் இரட்டைச் சர்க்கரை என்பதால், அட்டவணையில் ‘சீனி’ என்ற வரிசையில்தான் வரும்!

இந்த ஏற்றத்தை அளக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. 1981இல் கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்சும் அவர் குழுவினரும் கிளைசீமிக் குறியீட்டை அறிமுகப்படுத்தினர். குளுக்கோஸின் மதிப்பு 100. 55க்கும் அதற்குக் கீழும் இருந்தால் குறைவு. 70க்கும் அதற்கு மேலும் இருந்தால் அதிகம். ஐசோமால்டுலோஸின் மதிப்பு 32 அளவில்தான் இருக்கிறது.

நீரிழிவுக்கான பானங்களில் கார்போஹைட்ரேட்டின் பங்கைக் குறைத்து, நல்ல கொழுப்பையும் நார்ச்சத்தையும் கூட்டுவது வழக்கம். கொழுப்பு, உணவு இரைப்பையை விட்டு வெளியேறும் வேகத்தைக் குறைக்கிறது. கூழ்போல் ஆகும் நார்ச்சத்து, குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துகிறது.

டின்னைத் திருப்பிக் கணக்கிடுங்கள்

இரண்டு டின்களைக் கற்பனை செய்துகொள்வோம். ‘அ’ டின்னில் ஒரு முறை கலக்கும் அளவுக்கு 250 கிலோகலோரி, கார்போஹைட்ரேட் 34 கிராம், சீனி 3 கிராம். ‘ஆ’ டின்னில் 220 கிலோகலோரி, கார்போஹைட்ரேட் 24 கிராம், சீனி 8 கிராம். சீனியை மட்டும் பார்த்தால் ‘அ’ நல்லதாகத் தெரியும்.

1 கிராம் கார்போஹைட்ரேட் 4 கிலோகலோரி தருகிறது. ‘அ’ டின்னில் 34 × 4 = 136; இது மொத்தச் சக்தியில் 54 விழுக்காடு. ‘ஆ’ டின்னில் 24 × 4 = 96; இது 44 விழுக்காடு. ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 15 கிராம் கார்போஹைட்ரேட் உண்டு. அப்படியானால் ‘அ’ இரண்டு துண்டுகளுக்கும் சற்று அதிகம். ‘ஆ’ ஒன்றரைத் துண்டுக்குச் சற்று அதிகம்.

அடுத்து, பொருள்களின் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமான பொருளே முதலில் வரும். ‘அ’ டின்னின் பட்டியல் மால்டோடெக்ஸ்ட்ரினில் தொடங்கி, ‘ஆ’ டின்னின் 8 கிராம் சீனி பெரும்பாலும் ஐசோமால்டுலோஸாக இருந்தால், எது பொருத்தம் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

மறக்கக் கூடாத மூன்று

முதலாவது, மெதுவாக ஏறினாலும் சக்தி சக்திதான். வழக்கமான சாப்பாட்டையும் முழுதாகச் சாப்பிட்டுவிட்டு இதையும் குடித்தால், சர்க்கரையும் எடையும் கூடத்தான் செய்யும்.

இரண்டாவது, சிறுநீரகப் பாதிப்பும் உள்ளவர்களுக்குப் புரதம், பொட்டாசியம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் அளவும் முக்கியம். அவர்கள் மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ கேட்காமல் டின்னை மாற்றக் கூடாது.

மூன்றாவதுதான் மிக அவசரமானது. இன்சுலினோ சில வகை நீரிழிவு மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சில வேளைகளில் இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்கும் கீழே இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சுத் தடுமாறும். அப்போது நீரிழிவுப் பானத்தைக் கலக்கிக் கொடுக்காதீர்கள். மெதுவாகச் செயல்பட வேண்டும் என்றே தயாரித்த பானம் அது. அந்த நேரத்தில் தேவைப்படுவது வேகம். மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999ஐ அழையுங்கள்.

இந்த வாரப் பயிற்சி: வீட்டிலோ கடையிலோ உள்ள ஏதேனும் இரண்டு சத்து மாவு டின்களை எடுத்து, மேலே உள்ள கணக்கைச் செய்து பாருங்கள். முன்பக்க எழுத்தும் பின்பக்க எண்ணும் ஒத்துப்போகின்றனவா?