மோட்டாரில் வரும் பையன்

கடந்த பருவத்தில் வகுப்புப் பணிக்காக நாங்கள் ஐவர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தோம். கதை ஜார்ஜ்டவுனில் நடக்கிறது. நாயகன் 17 வயதுத் தமிழ்ப் பையன். எழுதியவள் நான். அவன் மோட்டாரில் வருவான். பள்ளிக்கு மட்டம் போடுவான். குண்டர் கும்பலில் சேர்வான். கடைசியில் அடிபட்டுக் கிடப்பான். அவன் தங்கைக்கோ அழுவதைத் தவிர வேறு வேலையில்லை.

நடிக்க வந்த தம்பி படிவம் 5 மாணவன். கதையைப் படித்துவிட்டு, "அக்கா, இவன் ஏன் இப்படி ஆனான்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அவனும் மோட்டாரில்தான் வந்திருந்தான். பள்ளி முடிந்ததும் மாமாவின் மளிகைக் கடைச் சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறான், இரவில் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கிறான். அப்படி ஒரு பையனை நான் எழுத நினைக்கவே இல்லை.

அன்றிரவு 'ஜகாட்' படத்தை மறுபடியும் பார்த்தேன். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த படம். மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வானது. 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல்லை நம்மவர்கள் உச்சரிக்கும் விதமே தலைப்பு. பொருள், கெட்டவன். அதிலும் குண்டர் கும்பல் உண்டு. ஆனால் 12 வயது அப்போய் திடீரென்று கெட்டுப்போகவில்லை. தோட்டத்தை விட்டு வந்த குடும்பம், படி படி என்று அடிக்கும் அப்பா, அவனுடைய கற்பனைக்கு இடம் தராத பள்ளி, கவர்ந்திழுக்கும் சித்தப்பா. தம்பி கேட்ட 'ஏன்' என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் விடை இருக்கிறது.

யாஸ்மின் அஹ்மாட் இயக்கிய 'டேலண்டைம்' (2009) படத்தின் மகேஷும் நினைவுக்கு வந்தான். காது கேளாத, வாய் பேசாத தமிழ் மாணவன். அவனும் மோட்டார் ஓட்டுகிறான், போட்டியில் பாடும் பெண்ணை ஒத்திகைக்கு அழைத்துச் செல்வதற்காக.

கதையை மாற்றி எழுதினேன். "சண்டை இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள்?" என்று குழுவில் ஒரு நண்பர் வாதாடினார். குண்டர் கும்பல்கள் இருப்பது உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாப் படத்திலும் அதே பையன்தான் வந்தால், சாலையில் நம் தம்பி மோட்டாரில் போகும்போதும் பார்ப்பவர்கள் அவனைத்தான் நினைப்பார்கள்.

புதிய கதையில் அவன் சாமான் கொடுத்துவிட்டு வந்து படிக்க உட்காருகிறான். தங்கை அழவில்லை; அவனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள்.

திரையிடலில் கைதட்டல் குறைவுதான். ஆனால் பார்க்க வந்திருந்த தம்பியின் அம்மா சிரித்துக்கொண்டே, "வீட்டுலயும் இப்படித்தான், புத்தகத்து மேலயே தூங்கிடுவான்" என்றார். அதைவிட நல்ல விமர்சனம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கைப்பேசியில் குறும்படம் எடுக்கும் நண்பர்களே, எழுதி முடித்ததும் உங்கள் கதையை அதே வயதுள்ள ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் "ஏன்?" என்று கேட்டால், கேமராவை எடுக்கும் முன் அதற்குப் பதில் தேடுங்கள்.