எழுதியது வட்டைச் சேர்ந்ததா?

கடையின் அன்றைய வரவுசெலவைக் கோப்பில் பதியுமாறு ஒரு நிரல் ‘ரைட்’ என்னும் அழைப்பை விடுக்கிறது; வெற்றி என்று விடையும் வருகிறது. ஆயினும் அத்தரவு வட்டைச் சேர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. லினக்ஸின் உட்கருவான கெர்னல், அதனைத் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டதுமே அவ்விடையைத் தந்துவிடுகிறது. அந்நொடியில் மின்சாரம் நின்றால் கணக்குத் தொலைந்தது. ‘எஃப்சிங்க்’ என்று தனியே அழைத்தால், வட்டுக்கு அனுப்பி முடியும்வரை நிரல் காத்திருக்கும்.

இதனை முயன்று பார்த்து மட்டும் கற்பது அரிது. சோதனையின்போது மின்சாரம் நிற்பதில்லையே! இங்கேதான், மைக்கேல் கெரிஸ்க் 2010இல் வெளியிட்ட ‘தி லினக்ஸ் புரோகிராமிங் இன்டர்ஃபேஸ்’ ஆசானாகிறது. 1,500 பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூல், அழைப்புகள் எவ்வெப்போது தவறும் என்பதையும் விளக்குகிறது. கேட்ட பைட்டுகளுள் ஒரு பகுதியை மட்டும் எழுதிவிட்டு ‘ரைட்’ திரும்புவதும் உண்டு. எத்தனை எழுதப்பட்டன என்பதை அது தரும் எண்ணே காட்டும். அவ்வெண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை.