ஸ்கேன் நார்மல், வேலைதான் ஓடவில்லை

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவருக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் போடுவது கிளாஸ்கோ கோமா மதிப்பெண். டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் 1974-இல் வெளியிட்ட முறை. கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கைகால் அசைகிறதா என்று பார்த்து 3 முதல் 15 வரை தருவார்கள். 13-க்குக் குறையாவிட்டால் லேசான காயம். உயிர் காக்க அருமையான கருவி. ஆறு மாதம் கழித்து அவரால் கணக்கு எழுத முடியுமா என்பதை அது சொல்லாது.

சி.டி. ஸ்கேனும் சொல்லாது. ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் அதில் தெரியும். ஆனால் தலை வேகமாகச் சுழன்று நிற்கும்போது நரம்புச் செல்களின் நீண்ட இழைகளான ஆக்சான்கள் இழுபடுகின்றன. கால்சியம் உள்ளே புகுந்து சில இழைகள் பிறகு மெல்லச் சிதைகின்றன. அவ்வளவு நுண்ணிய சேதம் படத்தில் விழாது. பெரும்பாலானோர் மூன்று மாதத்துக்குள் தேறிவிடுவார்கள். சிலருக்குத் தலைவலி நிற்காது, வெளிச்சம் கூசும், பேச்சின் நடுவே விஷயம் நழுவும், மதியத்துக்குள் மூளை களைத்துவிடும்.

இவர்கள் மாற்றுத்திறனாளி சான்று கேட்டுப் போகும்போதுதான் சிக்கல். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் தலைக்காயம் தனியாக இல்லை. நரம்பியல் பாதிப்பா, மனநலப் பாதிப்பா, எதில் சேரும் என்பதைக் காட்டியாக வேண்டும். முக்கியச் சலுகைகளுக்கு 40 சதவீதம் தேவை. காலையில் தெளிவாக வந்து மருத்துவக் குழுவுக்குப் பதில் சொல்கிறவரிடம் அவருடைய சாயங்காலம் தெரிவதில்லை. இது அவர் குற்றமல்ல.

ஆகவே நரம்பு உளவியல் பரிசோதனையைக் கேட்டுப் பெறுவது அவசியம். கவனம், நினைவு, வேகம் ஆகியவற்றை அளந்து, அதே வயதும் படிப்பும் உள்ளவர்களோடு ஒப்பிடும் சோதனை இது. பெங்களூரு நிம்ஹான்ஸ் இந்தியர்களுக்கென்றே ஒரு தொகுப்பை உருவாக்கியிருக்கிறது. வீட்டார் தேதி போட்டு எழுதும் குறிப்பும் வேண்டும். அணைக்க மறந்த அடுப்பு, பாதியில் விட்ட பில், காரணமில்லாத கோபம். அடிபட்டவருக்கே தன் மறதி முழுதாகத் தெரிவதில்லை.

விபத்து இழப்பீட்டு வழக்கானால், உச்ச நீதிமன்றத்தின் 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று பெரிய துணை. உடலின் ஊன சதவீதம் வேறு, வருமான இழப்பு வேறு, தொழிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றது அது. இடது கையை இழந்த ஓட்டுநருக்குப் பிழைப்பே போகலாம், எழுத்தருக்கு வேலை நீடிக்கலாம் என்று உதாரணமும் காட்டியது. தலைக்காயத்தில் எழுத்தர்தான் முதலில் வேலையைப் பறிகொடுக்கிறார். நாள் முழுக்கக் கவனம்தானே அவருக்கு முதல்!

மாற்றுத்திறனாளி சான்று மறுக்கப்பட்டால் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. அப்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியோடு பரிசோதனை அறிக்கை, வீட்டார் குறிப்பு, வேலையிடத்துக் கடிதம் மூன்றையும் இணைத்துக் கொடுங்கள்.