வீட்டிலிருந்தே உத்தியோகம்: முதலாளி சம்மதிப்பாரா?

நீங்கள் ஒரு கம்பெனிக்கு முதலாளி என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆபீஸில் வேலை செய்யும் பெண் ஒருத்தி வந்து, "நாளை முதல் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், ஸார்" என்கிறாள். உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றும்? அடுப்பில் குழம்பு, டெலிவிஷனில் தொடர், நடுவே ஒரு குட்டித் தூக்கம்! "அதெல்லாம் முடியாது, அம்மா" என்று சொல்லிவிடுவீர்கள். அநேக முதலாளிகளும் அப்படித்தான் சொல்லி வந்தார்கள்.

ஆனால், சீனாவின் ஷாங்காய் நகரில் ஒரு கம்பெனி, மறுப்பதற்கு முன் பரீட்சித்துத்தான் பார்ப்போமே என்று 2010-ல் தீர்மானித்தது. பிரயாண டிக்கெட்டும் ஹோட்டல் அறையும் ஏற்பாடு செய்து கொடுக்கும் ஸீட்ரிப் கம்பெனி அது. ஆபீஸ் வாடகையோ ஏறிக்கொண்டே போயிற்று. சிப்பந்திகளோ வந்த வேகத்தில் ராஜினாமாச் செய்தார்கள். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகப் பேராசிரியர் நிக்கலஸ் ப்ளூமும் பரீட்சையில் சேர்ந்து கொண்டார்.

டெலிபோன் பிரிவில் விருப்பம் தெரிவித்தவர்களில் 249 பேர் தகுதி பெற்றார்கள். என்ன தகுதி தெரியுமா? ஆறு மாத அனுபவம், நல்ல இணைய வசதி, வீட்டில் வேலைக்கென்று தனி அறை. (நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஓர் அறை உண்டு?) பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்கள் வாரத்தில் 4 நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். ஒற்றைப்படைக்காரர்கள் வழக்கம்போல் ஆபீஸுக்கு வந்தார்கள்.

ஒன்பது மாதம் சென்றபின் கணக்குப் பார்த்தால், வீட்டிலிருந்தவர்கள் 13 சதவீதம் அதிகமாகவே வேலை செய்திருந்தார்கள்! இடைவேளையும் லீவும் குறைந்தன. சந்தடி இல்லாததால் டெலிபோன் பேச்சும் சீக்கிரம் முடிந்தது. ராஜினாமாக்கள் பாதியாகக் குறைந்தன.

"அப்படியானால் இனி ஆபீஸே வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். "இனி உங்கள் இஷ்டம்" என்றதும், வீட்டிலிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஆபீஸுக்கே திரும்பிவிட்டார்கள். தனிமை தாங்கவில்லை! இன்னொரு குறையும் உண்டு. வேலையின் அளவைப் பார்த்தால் கிடைத்திருக்க வேண்டிய பதவி உயர்வு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதிகாரி நேரில் பார்க்காத உழைப்பு கணக்கில் ஏறவில்லை போலும்!

ஆகவே 2021-லும் 2022-லும் அதே கம்பெனி ஒரு நடுவழியைச் சோதித்தது. 1,612 பட்டதாரிச் சிப்பந்திகளில் ஒரு பகுதியினருக்குப் புதனும் வெள்ளியும் வீட்டில் வேலை. மற்ற நாள் ஆபீஸில். வேலையும் கெடவில்லை, பதவி உயர்வும் குறையவில்லை. ராஜினாமாக்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. முக்கியமாக யாரிடம்? பெண்களிடமும், வெகுதூரத்திலிருந்து வருகிறவர்களிடமும்தான்!

வேடிக்கை என்னவென்றால், ஆரம்பத்தில் அதிகாரிகள், "வேலை 2.6 சதவீதம் கெடும்" என்று மதிப்பிட்டார்கள். முடிவில் அவர்களே, "1 சதவீதம் கூடும்" என்றார்கள். வாதம் மாற்றாத மனத்தைக் கண்கண்ட அனுபவம் மாற்றிவிட்டது. கம்பெனியும் எல்லோருக்கும் அந்த ஏற்பாட்டை அனுமதித்தது.

நம் நாட்டில் 2017-ல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியபோது, விடுமுறை முடிந்த தாயை, வேலைக்கு ஏற்றபடி, வீட்டிலிருந்து பணியாற்ற முதலாளி அனுமதிக்கலாம் என்று சேர்த்தார்கள். "அனுமதிக்கலாம்" என்றுதான் இருக்கிறது. "அனுமதிக்க வேண்டும்" என்று இல்லை. 2020-ல் கொரோனா வந்தபோது வேறு வழியின்றிச் சம்மதித்த கம்பெனிகளில் பல, பிறகு எல்லோரையும் ஆபீஸுக்கு அழைத்துக்கொண்டன.

ஆகையால், சகோதரிகளே, கேட்கும்போது வாரம் முழுவதையும் கேட்காதீர்கள். "இரண்டே நாள், ஆறு மாதம், பிறகு கணக்குப் பாருங்கள்" என்று கேளுங்கள். கெஞ்சுவதைவிடக் கணக்குக் காட்டுவது மேல்.

முதலாளி சம்மதித்துவிட்டால் மட்டும் போதுமா? "வீட்டில்தானே இருக்கிறாய், ஒரு வாய் காப்பி போடேன்" என்று கதவைத் தட்டாமலிருக்க, வீட்டிலுள்ளவர்களும் சம்மதிக்க வேண்டும் அல்லவா!