பங்கி இலையும் பயணியின் மனமும்

செடி ஒன்றுதான். அதன் இலையை அரைத்தால் பாங், பூவைக் காயவைத்தால் கஞ்சா, பிசினைக் கையால் தேய்த்து உருட்டினால் சரஸ். நம் சித்த வைத்தியர்கள் இதைப் பங்கி என்றும் சிவமூலி என்றும் சொல்வார்கள். லேகியத்துக்குச் சேர்க்கும்போது அளவு பார்த்துச் சேர்ப்பார்கள். வடக்கே வந்து குடியேறிய நம்மவருக்கு 'பாங்' என்று காதில் விழுந்தால் முதலில் பணம் போடுகிற இடம்தான் ஞாபகத்துக்கு வரும். ஹோலிக்கு மறுநாள்தான் வேறு அர்த்தம் விளங்கும்!

இந்தப் போதை சட்டப்படி கிடைக்கிற ஊருக்குப் போகிற பயணிக்கு அந்த ஊரைப் பற்றி என்ன எண்ணம் உண்டாகிறது என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம். இது ஏதோ அமெரிக்கா, ஆலந்து சமாசாரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நம் நாட்டிலேயே வெகு காலமாக நடந்து வருவதுதான்.

1893-ல் ஆங்கில அரசு இந்தச் செடியைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 1894-ல் ஏழு தொகுதிகளாக அறிக்கை வந்தது. மிதமாகப் பயன்படுத்துவதால் பெரிய கேடில்லை, முழுத் தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்பது அதன் சாரம். பிறகு 1961-ல் உலக நாடுகள் செய்த உடன்படிக்கையில் பூவும் பிசினும் மாட்டிக்கொண்டன, இலை தப்பித்தது. நம் நாட்டின் 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் அதே வழிதான். பூவோடு சேராத இலையும் விதையும் 'கஞ்சா' என்ற சொல்லுக்குள் வராது. ஆகவே சில மாநிலங்கள் கலால் துறை மூலம் லைசென்ஸ் கொடுத்து பாங் கடை நடத்த விடுகின்றன. ராஜஸ்தானும் உத்தரப் பிரதேசமும் அவற்றில் முக்கியமானவை.

காசிக்குப் போன தமிழர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். 'பாங் கீ சர்க்காரி துகான்' என்று பலகை மாட்டிய சிறு கடைகள். நான் போவது பேலுபூரில் பார்சுவநாதர் அவதரித்த தலத்தைச் சேவிக்க. ஆனால் வழியில் இந்தப் பலகை கண்ணில் படாமல் போகாது. நம்ம ஊர் யாத்ரிகர் முதலில் திகைப்பார், 'சர்க்காரே விற்குதா?' என்பார், அப்புறம் சிரிப்பார். பத்து நிமிஷத்தில் மறந்துவிட்டுக் கங்கைக் கரைக்குப் போய்விடுவார். காசி பற்றி அவர் மனதில் இருக்கும் மதிப்பு ஒரு குன்றிமணி எடைகூடக் குறைவதில்லை. காரணம், அந்தப் பொருள் அங்கே சிவனோடும் தண்டாயோடும் சேர்ந்தே இருக்கிறது. ஊரின் பழக்கமாகத் தெரிகிறதே தவிர, பயணிக்காகப் போட்ட தூண்டிலாகத் தெரிவதில்லை.

ஜெய்சல்மேரில் கதை கொஞ்சம் வேறு. கோட்டைக்குள் இருக்கும் ஜினாலயங்களையும் அங்குள்ள ஓலைச்சுவடிப் பண்டாரத்தையும் பார்க்க வேண்டும் என்பது சுவடிப் பித்துப் பிடித்தவர்களுக்கு வாழ்நாள் ஆசை. கோட்டை வாசலருகிலேயே அரசு அனுமதி பெற்ற பாங் கடை இருக்கிறது. லஸ்ஸியை லேசு, நடுத்தரம், கடுமை என்று தரம் பிரித்து விற்கிறார்கள். அங்கே வாங்குகிறவரைவிடப் பலகைக்கு முன் நின்று படம் எடுக்கிறவர்தான் அதிகம். வெள்ளைக்காரப் பயணிக்கு அது ஒரு வேடிக்கை. வீட்டில் ஒளித்துச் செய்வதை இங்கே அரசாங்கமே பலகை போட்டு விற்கிறதே என்ற வியப்பு. ஒரு வியாபாரியாகச் சொல்கிறேன், 'சர்க்காரி' என்ற அந்த ஒரு சொல் சரக்கின் மீதுள்ள பயத்தைப் பாதி போக்கிவிடுகிறது. ஏமாற்ற மாட்டார்கள், போலீஸ் பிடிக்காது என்ற நிம்மதி. ஆனால் சட்டம் பயத்தைத்தான் போக்கும், அருவருப்பைப் போக்காது. பிடிக்காதவருக்குச் சட்டம் வந்தாலும் பிடிக்காது.

பழைய தில்லிவாசிகளுக்குக் காட்மாண்டு ஞாபகம் இருக்கும். 1960-களின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஆப்கானிஸ்தான் வழியாகத் தரை மார்க்கமாக வந்த ஹிப்பிகள் தில்லியில் பஹார்கஞ்சில் தங்கி இளைப்பாறிவிட்டு நேபாளம் போவார்கள். அங்கே ஹனுமான் டோகா அரண்மனைக்குப் பக்கத்து ஜோச்சேன் தெருவில் லைசென்ஸ் வாங்கிய கடைகளில் சரஸ் பகிரங்கமாக விற்றது. அந்தத் தெருவின் சொந்தப் பெயரே மறைந்து 'ஃப்ரீக் ஸ்ட்ரீட்' என்றாகிவிட்டது. 1971-ல் தேவ் ஆனந்த் எடுத்த 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' படம் அந்தச் சூழலைத்தான் காட்டியது. தேவ் ஆனந்த் என்னவோ எச்சரிக்கையாகத்தான் எடுத்தார். ஜனங்கள் பாட்டை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்!

1973-ல் நேபாள அரசு அந்த லைசென்ஸ்களை ரத்து செய்தது. 1976-ல் தனிச் சட்டமே கொண்டு வந்தது. ஹிப்பிகள் போய்விட்டார்கள். அத்தோடு நேபாளத்தின் சுற்றுலா படுத்துவிட்டதா? இல்லை. 1962-ல் ஆறாயிரம் சொச்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகள் 1980-ல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டினார்கள். மலையேறவும் நடைப்பயணம் செய்யவும் வந்தவர்கள் இவர்கள். தங்குமிடங்கள் ஜோச்சேனை விட்டுத் தமேல் பக்கம் நகர்ந்தன. வருகிறவர் தலையை மட்டும் எண்ணினால் போதாது, வந்தவர் ஊரிலிருந்து என்ன நினைவைக் கொண்டு போகிறார் என்று பார்க்க வேண்டும். ஹிப்பி கொண்டுபோனது ஒரு தெருவின் நினைவை. அடுத்து வந்தவர் கொண்டுபோனது இமயமலையின் நினைவை. அதேசமயம் மகாசிவராத்திரிக்குப் பசுபதிநாதர் கோயிலில் சாதுக்கள் சிலும்பி பிடிப்பதை இன்றைக்கும் காணலாம், பக்தர்கள் யாரும் அதனால் கோயிலைக் குறைவாக நினைப்பதில்லை.

இனி நம் பிள்ளைகள் போகிற ஊருக்கு வருவோம். தில்லியில் மஜ்னு கா டீலாவிலிருந்து சாயந்திரம் வால்வோ பஸ் ஏறினால் காலையில் பூந்தர். அங்கிருந்து பார்வதி பள்ளத்தாக்கில் ஜரி, கசோல், மணிகரண். குல்லு சால்வை கொள்முதலுக்காக அந்தப் பக்கம் பல தடவை போயிருக்கிறேன். பஸ்ஸில் பாதிப் பேர் மணிகரண் குருத்வாராவுக்கும் வெந்நீர் ஊற்றுக்கும் போகிற சீக்கியக் குடும்பத்தார், மீதிப் பேர் கசோலுக்குப் போகிற இளவட்டங்கள். ஒரே சாலை, இரண்டு யாத்திரை. கசோலில் ஹீப்ரு எழுத்தில் பலகைகள் இருக்கும், ராணுவ சேவை முடித்த இஸ்ரேல் இளைஞர்கள் வந்து தங்கிப் பழகிய ஊர். பூந்தரில் ஒரு சால்வைக்காரர் சொன்னார்: "ஜெயின் சாப், முன்னெல்லாம் எங்க ஊர் எதுன்னு கேட்டா தேவதாக்கள் ஊர்னு சொல்வோம். இப்போ ஊர் பேரைச் சொன்னாலே எதிராளி கண்ணடிக்கிறான்." தொழில் நடக்கிறது, ரூம் நிரம்புகிறது, ஆனால் அந்தக் கண்ணடிப்பு அவருக்கு உறுத்துகிறது.

மலானா கிராமத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஜம்லு தேவதாவின் ஆணையால் வாழ்கிறவர்கள், வெளியார் தங்கள் கோயிலையும் வீட்டையும் தொடக் கூடாது என்பவர்கள். அவர்கள் சரஸுக்கு உலகப் பெயர் உண்டு. 2017-ல் தேவதாவின் கட்டளை என்று சொல்லி வெளியார் தங்கும் விடுதிகளை மூடச் சொன்னார்கள். காசியில் இலை ஊரோடு ஒட்டியிருந்தது. இங்கே பிசினுக்காக வந்தவர்கள் ஊரையே மறைத்துவிட்டார்கள். போதாக்குறைக்கு இங்கே அது சட்டவிரோதம். வழியில் போலீஸ் சோதனை, பை பரிசோதனை. மலையைப் பார்க்கப் போன குடும்பத்தாரும் அந்தச் சந்தேகக் கண்ணுக்கு ஆளாகிறார்கள். 2024-ல் இமாசல சட்டமன்றம் தீர்மானம் போட்டது மருந்துக்கும் தொழிலுக்கும் பயிரிடுவது பற்றித்தான், கேளிக்கைக்கு அல்ல. அந்த வித்தியாசத்தை வாட்ஸ்அப் செய்திகள் சொல்வதில்லை.

வெளிநாடுகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். அமெரிக்காவின் கொலராடோவில் 2014 ஜனவரி 1 முதல் கடையில் விற்றார்கள். வாங்கலாம், ஆனால் பொது இடத்தில் புகைக்கக் கூடாது. ஓட்டலிலும் விடமாட்டார்கள் என்றால் பயணி பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான். உருகுவே உஷார். 2017-ல் மருந்துக் கடையில் விற்கத் தொடங்கியபோதே குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிப்போருக்கும் மட்டும் என்று வைத்தது. 2024-ல் ஜெர்மனியும் பயணிக்குக் கதவைத் திறக்கவில்லை. பல காலம் பயணிகளுக்குத் திறந்துவிட்ட ஆம்ஸ்டர்டாமோ 2023-ல் கூத்தடிக்க வரும் ஆங்கிலேய வாலிபர்களைப் பார்த்து 'வராதீர்கள்' என்றே விளம்பரம் செய்தது. அதே ஆண்டு மே மாதம் நகரின் பழைய பகுதித் தெருக்களில் கஞ்சா புகைக்கத் தடை போட்டது.

ஆம்ஸ்டர்டாம் அலுத்துக்கொள்கிறது, காசி அலுத்துக்கொள்ளவில்லை. ஏன்? என் அபிப்பிராயம் இது: பாங் குடிக்கிற பொருள். குடித்தவன் தலைக்குள் நடப்பது பக்கத்து ஆளின் மூக்கில் ஏறாது. புகை அப்படியில்லை, குழந்தையோடு நடந்து போகிற தாய் கேட்காமலே அதில் பங்கு வாங்குகிறாள்.

தாய்லாந்து இதை நன்றாக அனுபவித்தது. 2022 ஜூன் 9 அன்று கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. பாங்காக்கில் பச்சை இலை படம் போட்ட கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. பொது இடத்தில் புகைத்து நாற்றம் பரப்பினால் 25,000 பாட் அபராதம் என்று அப்போதே விதி போட வேண்டியிருந்தது. சீனத் தூதரகம் தன் மக்களுக்கு, தெரியாமல் சாப்பாட்டில் கலந்ததைச் சாப்பிட்டுவிடாதீர்கள் என்று எச்சரித்தது. தேடி வந்தவருக்குச் சொர்க்கம், குடும்பத்தோடு வந்தவருக்கு ஒவ்வொரு பிஸ்கட்டும் சந்தேகம். 2025 ஜூனில் அரசு திரும்பி வந்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் பூவை விற்கக் கூடாது என்றது.

நம் தில்லிக் குடும்பங்களுக்கு இதில் கவலைப்பட ஒரு விஷயம் இருக்கிறது. பாங்காக்கிலிருந்து வரும் விமானங்களில் கஞ்சாவோடு பிடிபடுகிறவர்கள் தில்லியிலும் சென்னையிலும் செய்தியாகிக்கொண்டே இருக்கிறார்கள். கடையில் ரசீதோடு வாங்கினேன் என்ற வாதம் இந்திராகாந்தி விமான நிலையத்தில் எடுபடாது. கஞ்சா ஒரு கிலோவுக்கு உட்பட்டால் 'சிறு அளவு', ஓராண்டு வரை சிறை அல்லது பத்தாயிரம் அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோவைத் தாண்டினால் பத்தாண்டு வரை. இருபது கிலோ ஆனால் பத்தாண்டுக்குக் குறையாது. சரஸுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை, அதன் சிறு அளவு 100 கிராம்தான். நண்பன் கொடுத்த பை, உள்ளே என்ன என்று தெரியாது என்று பிள்ளை சொல்லலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் 35-ம் பிரிவின்படி, தெரிந்தே வைத்திருந்ததாகத்தான் கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதை அந்தப் பிள்ளைதான் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும்.