கடலிற் சேரும் நீர் வீணா?

"ஆற்று நீர் வீணாகக் கடலிற் கலக்கிறதே!" என்று நாம் அடிக்கடி அங்கலாய்க்கிறோம். பொதிகையிற் பிறந்து, பாபநாசத்தில் சமவெளி கண்டு, நெல்லைச் சீமையின் வயல்களை நனைத்துவரும் தாமிரபரணி, புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவை அடைகிறது. அங்கே அந்நீருக்காகக் காத்திருக்கும் ஒரு காடு உண்டு. அதுவே அலையாத்திக் காடு.

அலையின் வேகத்தை ஆற்றுவதால் இப்பெயர் வந்தது என்பர். இக்காட்டு மரங்களின் வாழ்வு வியப்புக்குரியது. வெண்கண்டல், தான் உறிஞ்சிய உப்பை இலைகளின் வழியே வெளியேற்றுகிறது. சேற்றினுள் காற்று இல்லாமையால், அதன் வேர்கள் ஆணி அறைந்தாற்போல் மேல்நோக்கி எழுந்து மூச்சு விடுகின்றன. சுரபுன்னையின் விதையோ தாய்மரத்திலேயே முளைத்து, நீண்டு தொங்கி, பின்னரே சேற்றில் விழுகிறது. இவற்றின் வேர்களிடையே இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளர்கின்றன. ஆகவே இக்காடு நலிந்தால் மீனவர் வீட்டு அடுப்பும் நலியும்.

அழிந்த காட்டை மீட்கக் கன்று நட்டால் மட்டும் போதுமா? கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரம் இதற்கு விடை கூறுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் அங்கே மரங்களை மொத்தமாக வெட்டினர். வெயில் பட்ட சேறு காய்ந்து தாழ்ந்தது. அப்பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வற்ற வற்ற உப்பு மிகுந்தது; விழுந்த விதைகள் மடிந்தன. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் கூடி, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டினர். ஓதநீர் உள்ளே வந்து திரும்ப வழி பிறந்தது. அதன்பின் நட்ட கன்றுகள் தழைத்தன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, பின்னாலிருந்த சிற்றூர்களை அக்காடு பெரிதும் காத்தது.

முதலில் நீர், பிறகே கன்று என்பதே பாடம். கடலின் உப்புநீரோடு ஆற்றின் நன்னீரும் அளவாய்க் கலந்தால்தான் இக்காடு செழிக்கும். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் இறுதியானது ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. கோடையில் அதனைத் தாண்டிச் செல்லும் நீர் மிகக் குறைவு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் புன்னைக்காயலைச் சூழ்ந்தது. சில நாள் ஊரை மூழ்கடித்து ஓடும் வெள்ளம், ஆண்டு முழுவதும் வேண்டிய நன்னீருக்கு ஈடாகாது.

உழவருக்கும் நீர் வேண்டும், குடிநீரும் வேண்டும். இதனை மறுப்பார் யார்? எனினும் பங்கீட்டில் கடைசிப் பங்கு கழிமுகத்துக்கும் உண்டு. கன்று நட விரும்பும் இளைஞர் குழுக்கள் அவ்விடத்துக்குரிய மரம் எது, ஓதம் எதுவரை ஏறுகிறது என்பவற்றைக் கேட்டறிந்த பின்னரே நடுதல் வேண்டும். பறவைகள் இரை தேடும் திறந்த சேற்றுப் பரப்பை அப்படியே விட்டுவைப்பது நலம்.

மேட்டூரில் வாழும் நாம் ஆற்றிற் கழிவைக் கலவாதிருப்பதும், நீரைச் சிக்கனமாய்ச் செலவிடுவதும் கடற்கரைச் சகோதரருக்குச் செய்யும் உதவியாகும். கடலைச் சேரும் நீர் வீணன்று. அது மீனவர் வலையில் மீனாகத் திரும்பி வருகிறது.