நிட்டிங் மெஷினை இ.எம்.ஐ.ல வாங்கலாமா? அதுக்கு முன்னாடி இந்த 5 ப்ராஜெக்ட் முடிங்க!



போன வாரம் ஒரு தங்கச்சி கேட்ட கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். "அண்ணா, எனக்கு மாசம் 32,000 சம்பளம். பி.ஜி.ல தங்கியிருக்கேன். ரீல்ஸ்ல ஒருத்தங்க கைப்பிடியைச் சுத்துறாங்க, அரை மணி நேரத்துல தொப்பி வந்துடுது. அந்த மெஷின் 9,000 ரூபாய். நோ காஸ்ட் இ.எம்.ஐ., 9 மாசம். வாங்கி சைடு பிசினஸ் பண்ணலாமா?"

என்னோட பதில்: கத்துக்கலாம். மெஷின் மட்டும் இப்போ வேண்டாம்.

ஏன்னு ஒரு வரியில சொன்னா, "மெஷின் வாங்கினா கத்துக்குவேன்"னு நாம நினைக்கிறோம். ஆனா வரிசை தலைகீழ். முதல்ல ஒரு குரோஷே ஊசி, அப்புறம் சில ப்ராஜெக்ட், கடைசியில மெஷின். இந்த வரிசையில போனா 9,000 ரூபாய் முடிவை சில நூறு ரூபாய் செலவுலேயே சோதிச்சுப் பார்த்துடலாம். எப்படின்னு பார்க்கலாம் வாங்க.

முதல்ல அடிப்படை: நிட்டிங் வேற, குரோஷே வேற

நீங்க போட்டிருக்கிற டி-ஷர்ட்டை லேசா இழுத்துப் பாருங்க. நீளுது இல்லையா? அது தறியில நெஞ்ச துணி இல்ல. லூப் மேல லூப்பா மெஷின்ல பின்னின துணி. திருப்பூர் பனியன் தொழிலே மெஷின் நிட்டிங் மேல நிக்கிற தொழில்தான்.

நிட்டிங்ல ஒரு வரிசையில இருக்கிற எல்லா லூப்பும் ஒரே நேரத்துல ஊசிகள்ல தொங்கிட்டு இருக்கும். ஒண்ணு நழுவினா, கீழே வரைக்கும் ஏணி மாதிரி பிரிஞ்சுட்டே போகும். குரோஷேல ஒரே ஒரு கொக்கி ஊசிதான். ஒரு ஸ்டிட்சை முடிச்சுட்டுத்தான் அடுத்ததுக்குப் போவோம். அதனால தப்பு பண்ணினாலும் பிரிச்சுட்டு அங்கிருந்து தொடரலாம். புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதுதான் பாதுகாப்பு.

இன்னொரு விஷயம். நிட்டிங்குக்கு மெஷின் உண்டு. கையால போடுற குரோஷேவை அப்படியே போட்டுத் தர்ற வீட்டு மெஷின் கிடையாது. அங்கே உங்க கைதான் மெஷின். இந்த ஒரு வித்தியாசம் விலை வைக்கும்போது பெருசா உதைக்கும். கடைசியில சொல்றேன்.

ஒரு நோட்டு போடுங்க

ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் மூணே மூணு எண்ணை எழுதுங்க: எத்தனை கிராம் நூல், எத்தனை நிமிஷம், மொத்தம் எவ்வளவு செலவு. நூலைச் சமையலறைத் தராசுல வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை போட்டா போதும். 100 கிராம் பந்து 120 ரூபாய், நீங்க 25 கிராம் எடுத்தீங்கன்னா நூல் செலவு 30 ரூபாய். இந்த நோட்டுதான் பின்னாடி மெஷின் வேணுமா வேண்டாமான்னு சொல்லப்போகுது.

ப்ராஜெக்ட் 1: டம்ளர் வைக்கிற கோஸ்டர்

*கத்துக்கிறது: செயின், சிங்கிள் குரோஷே, எண்ணுறது.*

4 மி.மீ. ஊசி, காட்டன் நூல். 16 செயின் போடுங்க. ஊசியில இருந்து இரண்டாவது செயின்ல ஆரம்பிச்சா 15 சிங்கிள் குரோஷே வரும். வரிசை முடிஞ்சதும் ஒரு செயின் போட்டுத் திரும்புங்க. சதுரம் ஆகிற வரைக்கும் இதேதான்.

ஒவ்வொரு வரிசை முடிவுலயும் எண்ணுங்க. 15 இருக்க வேண்டிய இடத்துல 13 இருந்தா, சதுரம் மெதுவா முக்கோணம் ஆகிடும். எல்லாருக்கும் முதல் தடவை இது நடக்கும். பிரிச்சுட்டுப் போடுங்க, நூல் வீணாகாது.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, சூடான பாத்திரம் பிடிக்கிற துணியோ, பாத்திரத்துக்கு அடியில வைக்கிறதோ போடுறதா இருந்தா அக்ரிலிக் உல்லன் நூல் வேண்டவே வேண்டாம். சூட்டுல உருகும். காட்டன்தான் சரி. ரெண்டு, அமெரிக்க முறையில "சிங்கிள் குரோஷே"ன்னு சொல்றதைத்தான் பிரிட்டிஷ் முறையில "டபுள் குரோஷே"ன்னு சொல்வாங்க. வீடியோ எந்த முறைன்னு பார்க்காம ஆரம்பிச்சா அளவு மொத்தமும் மாறிடும். இந்தக் கட்டுரையில நான் சொல்றது எல்லாம் அமெரிக்க முறை.

ப்ராஜெக்ட் 2: காய்கறி வலைப் பை

*கத்துக்கிறது: வட்டமா பின்னுறது, வலை, இழுவையைக் கணிக்கிறது.*

அம்மா, சித்தி எல்லாம் ஒயர் கூடை போட்டதைப் பார்த்திருப்பீங்க. அடிப்பாகம் சரியா வந்தா கூடை சரியா வரும். இங்கேயும் அதே கதை. டபுள் குரோஷேல முதல் சுற்றுக்கு 12, அடுத்து 24, அப்புறம் 36, 48. சுற்றுக்கு 12 ஏத்திக்கிட்டே போனா அடி தட்டையா உட்காரும். ஏத்த மறந்தா கிண்ணம் மாதிரி குவியும்.

அடி முடிஞ்சதும், 5 செயின் போட்டு ஒவ்வொரு மூணாவது ஸ்டிட்ச்லயும் ஒரு சிங்கிள் குரோஷே. 48-க்கு 16 வளைவு வரும். அதுக்கு மேல வளைவு மேல வளைவா போய்ட்டே இருக்கலாம். ரெண்டு கிலோ தக்காளி போட்டதும் வலை நல்லா நீளும். அதனால நினைச்சதைவிடக் கொஞ்சம் குட்டையா நிறுத்துங்க. கைப்பிடியை மட்டும் இறுக்கமான சிங்கிள் குரோஷேல போடுங்க.

நூல் வாங்கும்போது லேபிள்ல இருக்கிற சாய லாட் நம்பரைப் பாருங்க. ரெண்டு பந்தும் ஒரே லாட்டா இருக்கணும். இல்லன்னா அதே நிறம்னு வாங்கினதும் பாதிப் பையில கோடு போட்ட மாதிரி தெரியும்.

ப்ராஜெக்ட் 3: குட்டி பொம்மை

*கத்துக்கிறது: மேஜிக் ரிங், ஏத்துறது, குறைக்கிறது. கூடவே, உங்க நேரத்தோட விலை.*

மேஜிக் ரிங்ல 6 சிங்கிள் குரோஷே, அப்புறம் 12, 18, 24ன்னு ஏத்தி, நடுவுல சில சுற்று அப்படியே போய், 18, 12, 6ன்னு குறைச்சா ஒரு உருண்டை. மூடுறதுக்கு முன்னாடி பஞ்சு அடைச்சிடுங்க. இந்த உருண்டையையே நீட்டிச் சுருக்கித்தான் தலை, உடம்பு, கை, கால் எல்லாம். சின்னக் குழந்தைக்குன்னா பிளாஸ்டிக் கண் வைக்காதீங்க. பிடுங்கி வாயில போட்டுக்கும். நூல்லயே கண் தைச்சிடுங்க.

இப்போ நோட்டை எடுங்க. ஒரு உதாரணத்துக்கு: நூல், பஞ்சு, பேக்கிங் எல்லாம் சேர்த்து 150 ரூபாய். நேரம் 7 மணி. 450 ரூபாய்க்கு வித்தீங்கன்னா கையில நிக்கிறது 300. அதாவது மணிக்கு சுமார் 43 ரூபாய்.

32,000 சம்பளத்தை மாசம் 22 நாள், தினம் 9 மணி நேரம்னு வகுத்தா மணிக்கு சுமார் 162 ரூபாய் வருது. ஆபீஸ் முடிஞ்சு கண்ணு எரிய உட்கார்ந்து போட்ட வேலைக்கு அதுல நாலுல ஒரு பங்குதான்!

"சும்மா இருக்கிற நேரம்தானே"ன்னு தோணும். இந்த நினைப்புக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கு. ஆந்திராவுல நரசாபூர் பகுதி குரோஷே லேஸுக்குப் பேர் போன ஊர். அங்கே லேஸ் போடுற பெண்களைப் பத்தி மரியா மீஸ்னு ஒரு ஜெர்மன் சமூகவியலாளர் எழுதின புத்தகம் 1982-ல வந்தது. அந்தப் பெண்கள் செஞ்ச லேஸ் வெளிநாட்டுச் சந்தைக்குப் போச்சு. ஆனா அவங்களை யாரும் தொழிலாளின்னு சொல்லல. "வீட்டுல இருக்கிறவங்க, ஓய்வு நேரத்துல பண்றாங்க"ன்னுதான் பார்த்தாங்க. கூலி அடிமட்டத்துலேயே இருக்கிறதுக்கு அந்தப் பார்வையே காரணமா இருந்ததுங்கிறது அவர் வாதம். நீங்களே உங்க நேரத்துக்கு பூஜ்யம் விலை போட்டா, வாங்குறவங்க எதுக்கு விலை கொடுக்கப் போறாங்க?

ப்ராஜெக்ட் 4: மெஷின்ல ஒரு தொப்பி (வாங்காம!)

*கத்துக்கிறது: வட்ட மெஷின், நழுவின லூப்பை மீட்கிறது.*

தெரிஞ்சவங்ககிட்ட ரெண்டு நாள் கடன் கேளுங்க. இல்லன்னா, மெஷின் வெச்சிருக்கிற யாராவது கிளாஸ் எடுத்தா ஒரு நாள் காசு கொடுத்துப் போங்க. வீட்டு உபயோகத்துக்கு வர்ற 48 ஊசி வட்ட மெஷின்ல தொப்பி இப்படித்தான்:

1. முதல்ல வேற நிறத்துல ஒரு வேஸ்ட் நூல். முதல் சுற்றுல ஒரு ஊசிக்கு முன்னாடி, அடுத்த ஊசிக்குப் பின்னாடின்னு மாத்தி மாத்தி விடுங்க. அப்புறம் 6 முதல் 8 சுற்று.
2. தொப்பி நூலுக்கு மாறி, சுமார் 100 முதல் 120 சுற்று. கைப்பிடியை ஒரு தடவை சுத்தினா ஒரு சுற்று முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. கவுன்ட்டரைப் பாருங்க.
3. நூலை நீளமா விட்டு வெட்டி, பெரிய ஊசியில கோத்து, மெஷின்ல இருக்கிற லூப்பை ஒண்ணொண்ணா எடுங்க.
4. ஆரம்ப முனையிலயும் அதே மாதிரி லூப்பைக் கோத்த பிறகு வேஸ்ட் நூலை உருவிடுங்க. ரெண்டு முனையையும் சுருக்கி இறுக்குங்க. ஒரு பாதியை இன்னொரு பாதிக்குள்ள தள்ளினா ரெட்டை அடுக்குத் தொப்பி.

ரீல்ஸ்ல காட்டாதது ஒண்ணு: லூப் நழுவும். வேகமா சுத்தினா, நூல் ரொம்பத் தடியா இருந்தா, பந்துல இருந்து நூல் இழுத்துப் பிடிச்சு வந்தா, கட்டாயம் நழுவும். அப்போ என்ன பண்ணுவீங்க? குரோஷே ஊசியை எடுத்து, நழுவின லூப்பைப் பிடிச்சு, ஏணிப் படியை ஒவ்வொண்ணா அது வழியா இழுத்து மேல ஏத்திடலாம். குரோஷே முதல்லன்னு சொன்னதுக்கு இதுதான் காரணம். குரோஷே தெரியாதவங்க கையில அந்தத் தொப்பி குப்பைக்குப் போகும்.

ப்ராஜெக்ட் 5: குழந்தைப் போர்வை

*கத்துக்கிறது: அளவு கணக்கு, மெஷினையும் குரோஷேவையும் சேர்க்கிறது.*

முதல்ல ஒரு மாதிரித் துண்டு போட்டு, துவைச்சுக் காயவெச்சு, 10 செ.மீ.க்கு எத்தனை ஸ்டிட்ச்னு எண்ணுங்க. 16 வந்துச்சுன்னா, 40 ஸ்டிட்ச் அகலமுள்ள பேனல் 25 செ.மீ. வரும். 75 செ.மீ. போர்வைக்கு மூணு பேனல். இந்த மாதிரித் துண்டைத் தவிர்த்துட்டுப் போர்வை முழுக்கப் போட்டுப் பிரிக்கிறவங்கதான் அதிகம்.

மெஷின் பேனலோட ஓரம் எப்பவும் சுருளும். அது உங்க தப்பு இல்ல, அந்தப் பின்னலோட குணம். பேனல்களை இணைச்சு, சுத்தி சிங்கிள் குரோஷே பார்டர் போடுங்க. பக்கவாட்டுல நாலு வரிசைக்கு மூணு ஸ்டிட்ச், மூலையில ஒரே இடத்துல மூணு ஸ்டிட்ச். சுருள் அடங்கிடும். வேகம் மெஷின்ல இருந்து, நேர்த்தி கையில இருந்து.

இப்போ அந்த 9,000 ரூபாய் கணக்கு

தொப்பியை 350-க்கு விக்கிறீங்கன்னு வெச்சுக்கோங்க. நூல் 120, பேக்கிங் 30. மீதி 200. முடிக்கிறது, அனுப்புறது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். மணிக்கு வெறும் 100 ரூபாய் வெச்சாலும் 150. மிச்சம் 50 ரூபாய்.

மெஷின் காசை எடுக்க 9,000 ÷ 50 = 180 தொப்பி. வாரக் கடைசியில நாலு தொப்பி போட்டா 45 வாரம். சென்னை வெயில்ல 180 உல்லன் தொப்பிக்கு ஆள் எங்கே? ஊட்டி, கொடைக்கானல் கடைகள்ல வாங்குறாங்களான்னு முதல்ல விசாரிங்க. நோ காஸ்ட் இ.எம்.ஐ.லயும் வட்டிப் பகுதிக்கு 18% ஜி.எஸ்.டி., பிராசஸிங் கட்டணம்னு வரலாம். "நோ காஸ்ட்" முழுசா நோ காஸ்ட் இல்ல.

அப்போ எப்போ வாங்கலாம்?

- அஞ்சு ப்ராஜெக்ட்டும் முடிச்சிருக்கணும். ரெண்டாவதுலேயே ஊசி மூலையில போயிடுச்சுன்னா, 9,000 மிச்சம்னு சந்தோஷப்படுங்க.
- பழக்கமில்லாத பத்துப் பேராவது முழு விலை கொடுத்து வாங்கியிருக்கணும். தோழிகள் வாங்கினது கணக்குல வராது.
- அவசர நிதியில கை வைக்காம, முழுப் பணமும் கையில இருக்கணும். பழைய மெஷின்னா எல்லா ஊசியும் வேலை செய்யுதான்னு ஒரு முழுத் துண்டு போட்டுப் பாருங்க.

விக்க ஆரம்பிச்சா, வெளி வேலை பத்தி ஆபீஸ் ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னு ஒரு தடவை படிங்க. அந்த வருமானத்தை வரிக் கணக்குல காட்டணும். தொழில் வருமானம் வந்தா வழக்கமா போடுற ஐ.டி.ஆர்-1 செல்லாது, ஐ.டி.ஆர்-3 அல்லது 4 போடணும்.

விக்கவே வேண்டாம், மனசுக்குப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதானா? ரொம்ப நல்லது. மாசம் 300 ரூபாய்னு பொழுதுபோக்குக் கணக்குல எழுதிட்டு நிம்மதியா பின்னுங்க. எல்லாப் பொழுதுபோக்கும் பணம் ஆகணும்னு கட்டாயம் இல்ல. ஆனா பணம் ஆகணும்னு முடிவு பண்ணினா, உங்க நேரத்துக்கும் விலை போடுங்க.

அந்தத் தங்கச்சி இப்போ கோஸ்டர் போட்டுட்டு இருக்காங்க. முதல் கோஸ்டர் முக்கோணமாத்தான் வந்துச்சாம். இ.எம்.ஐ. எதுவும் ஓடல. அதனால சிரிச்சுக்கிட்டே பிரிச்சுட்டு மறுபடி போட்டாங்க.

இந்த வாரம் ஒரு ஊசி, ஒரு காட்டன் பந்து, ஒரு நோட்டு. ஆரம்பிங்க.